ஒரு மணி ஐம்பது நிமிடம்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நூர் அகமது வீடு எது என்று கேட்டால் எந்த நூர் என்று முழிப்பார்கள். மைல் பாய் வீடு என்று கேளுங்கள். "இங்கேருந்து ரெண்டே கால் மைல், சிக்னல் விழலேன்னா ஏழு நிமிஷம்" என்று அவரைப் போலவே கழுத்தைச் சாய்த்துப் பேசிக் காட்டிவிட்டு, வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

பட்டப்பெயர் பள்ளிவாசலில் வந்தது. பயணம் போகிறவர் தொழுகையைச் சுருக்கித் தொழலாம், கஸ்ர் என்பார்கள். அதற்கு இத்தனை தூரம் தாண்ட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தப் பள்ளிவாசலில் ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தார்கள். நியூ ஜெர்சியில் யார்தான் ஒரு இடத்தில் இருக்கிறார்கள்? "பாய், பார்சிப்பனில கிளையண்ட் மீட்டிங், கஸ்ர் உண்டா?" என்று ஒருவர் வருவார். "கிடையாது, முழுசா தொழுங்க" என்பார் நூர். ஃபிலடெல்பியா போகிறவர் கேட்டால் உண்டு. யோசிக்க மாட்டார், போனை எடுத்துப் பார்க்க மாட்டார். தீர்ப்புச் சொல்வது இமாமின் வேலை என்றாலும் மைல் சொல்வது நூர் வேலை என்று ஆகிப்போனது.

மனுஷனுக்கு அதில் ஒரு பெருமை. கீழக்கரையிலிருந்து கிளம்பி வந்து இருபத்தைந்து வருஷம் ஒரு மருந்துக் கம்பெனியின் டேட்டாபேஸோடு குப்பை கொட்டியவர். ஆபீஸில் யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. பள்ளிவாசலில் எல்லோரும் கேட்டார்கள். அந்தக் குஷியில் ஒரு வெப்சைட்டே ஆரம்பித்துவிட்டார். உலகத்தில் உள்ள ஊர்களையெல்லாம் அதில் கொட்டினார். எந்த இரண்டு ஊரைத் தட்டினாலும் ஒரு பக்கம் வரும்: இடையே இத்தனை மைல், விமானத்தில் போனால் இத்தனை நேரம். அவர் உட்கார்ந்து எழுதுவதில்லை, புரோகிராம் எழுதிக்கொள்ளும். ஊருக்கும் ஊருக்கும் நேர்கோடு போட்டு, ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரைமணி சேர்த்துக்கொள்ளும். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நிஜமாகவே ஒரு விமானம் போகிறதா என்று மட்டும் அதற்குக் கேட்கத் தெரியாது. கேட்கும்படி நூர் அதற்குச் சொல்லித்தரவும் இல்லை.

அவருக்கு வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டு. தெரியாது என்பதுதான் அது. வந்திருந்தால் இதை இப்படிச் சொல்ல வேண்டியிருக்காது.

மையித்தை, இறந்தவர் உடலை, ரொம்ப நேரம் வைத்திருக்கக் கூடாது, சீக்கிரம் அடக்கிவிட வேண்டும் என்பது முறை. ஊர் நாட்டில் அது சுலபம், நாலு தெரு தள்ளித்தான் எல்லோரும். இங்கே வாப்பா ஒரு கடலோரம், பிள்ளை மறு கடலோரம். பிள்ளை வந்து சேருவானா, காத்திருக்கலாமா, வேண்டாமா? அதையும் நூரிடம்தான் கேட்டார்கள். அவர் சொல்கிற நேரத்தை வைத்துத்தான் ஜனாஸா தொழுகைக்கே நேரம் குறித்தார்கள்.

ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஷாஹுலின் வாப்பா இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் மவுத்தானார். மூத்த மகன் மறு கடலோரத்தில், குபெர்டினோவில். "அஞ்சேகால் மணி நேரம். சாயங்காலம் அசருக்கு வந்துருவார்" என்றார் நூர். நேர் விமானத்தில் இடம் கிடைக்காமல் மூத்தவர் டென்வர் சுற்றி வந்தார், டென்வரில் பனி. அசர் ஆயிற்று, ஆள் வரவில்லை. எல்லோரும் நூரைப் பார்த்தார்கள். அவர் மனசுக்குள் மறுபடி ஒரு கோடு போட்டார். "இனி ராத்திரி ஒன்பதுக்குக் குறைஞ்சு வரமுடியாது. காத்திருக்க வேண்டாம்."

அடக்கினார்கள். கபர்ஸ்தானின் கேட்டைச் சாத்தப் போகிற நேரத்தில், தோளில் லேப்டாப் பையோடு ஓடிவந்தார் மூத்தவர். வேறு விமானம் மாறி முன்னாலேயே வந்துவிட்டார். ஈர மண்ணில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "காத்திருக்க வேணாம்னு யார் சொன்னது?" என்று கேட்டார். ஷாஹுல் மட்டும் ஒரு தடவை நூரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் நூர் குதித்தார். "கணக்கு தப்பே இல்ல. ஆளாளுக்கு ஃப்ளைட்ட மாத்திக்கிட்டா நான் என்ன பண்றது?"

"கணக்கு தப்பில்லங்க" என்றாள் அவர் மனைவி நஜீமா. "ஆனா நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தெரியலன்னு சொல்லியிருக்கலாம்."

அவருக்கு அது காதில் ஏறவில்லை.

மகள் தஹ்ஸீன் இங்கே பிறந்தவள், பார்மசிஸ்ட். மருமகன் ஜைத் சென்னையில் படித்துவிட்டு வந்த டாக்டர். அவனுடைய விசாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும். இரண்டு இடம் அமைந்தது. ஒன்று டெக்சாஸின் மேற்குக் கோடியில், ஜைத்துக்கு மட்டும் வேலை. தஹ்ஸீன் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இன்னொன்று அலாஸ்கா. அங்கே இருவருக்கும் வேலை, ஆனால் ஒரே ஊரில் இல்லை. அவனுக்கு பெத்தேல். அவளுக்கு அதற்கும் வடக்கே, இந்த நாட்டின் உச்சந்தலையில் இருக்கும் உட்கியாவிக். இரண்டுக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது.

"டெக்சாஸே போயிடலாம் வாப்பா" என்றாள் தஹ்ஸீன். "ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருப்போம்ல?"

நூர் லேப்டாப்பைத் திறந்தார். தன்னுடைய சைட்டில் இரண்டு ஊரையும் தட்டினார். சுத்தமாக ஒரு பக்கம் வந்து நின்றது. எழுநூற்று நாற்பது மைல். விமான நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம்.

"இதுக்கா இந்த யோசனை? இங்கேருந்து மன்ஹாட்டன் போயிட்டு வர்ற நேரம்மா. வெள்ளிக்கிழமை டியூட்டி முடிஞ்சு ஏறினா ராத்திரி இஷாவுக்கு ஒண்ணா இருப்பீங்க. உன் படிப்ப ஏன் வீணாக்கணும்?"

ஜைத் மாமனாரை மதிக்கிற பிள்ளை. தஹ்ஸீன் சின்ன வயசிலிருந்து வாப்பா சொன்ன மைலில் ஒன்றுகூடப் பிசகிப் பார்க்காதவள். கையெழுத்துப் போட்டார்கள். கணக்கை எழுதிய மனுஷனே அதை நம்பிவிட்டார் என்பதுதான் இதில் கொடுமை. சமைத்தவருக்குத் தெரியாதா எதைப் போட்டோம், எதைப் போடவில்லை என்று?

அங்கே போய்ச் சேர்ந்த முதல் மாதமே தஹ்ஸீன் போன் செய்தாள். "வாப்பா, அப்படி ஒரு ஃப்ளைட்டே இல்ல. ஜைத் முதல்ல கிழக்க ஆங்கரேஜ் வரணும், அங்க தங்கணும், அப்புறம் வடக்க ஏறி இங்க வரணும். வெதர் நல்லா இருந்தா ஒரு நாள். வெதர் எங்க நல்லா இருக்கு?" அவள் சண்டைபோடவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புக்காகவே நூர் போனை வைத்ததும் லேப்டாப்பைத் திறந்தார்.

'நேரடி விமானம் கிடையாது' என்று ஒரு வரி அந்தப் பக்கத்தில் சேர்க்க உட்கார்ந்தார். அதில் சேர்த்தால் இன்னும் எத்தனை பக்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நினைத்ததும் தலை சுற்றியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தார்.

கோடை முடிகிற சமயத்தில் தஹ்ஸீன் உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். நவம்பரில் உட்கியாவிக்கில் சூரியன் ஒரு நாள் மறைந்தது, இனி ஜனவரியில்தான் வரும் என்றாள். கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். மத்தியான வேளை. தெருவிளக்கின் கீழே பனி கிடைமட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றின் சத்தம் போனுக்குள் கேட்டது. நஜீமா போனை வாங்கி, "நீ எப்பம்மா அங்கேருந்து இறங்கி வர்ற?" என்று கேட்டாள்.

"மாசம் நெருங்கும்போது ஆங்கரேஜ் வந்துடுவேன்மா. ஜைத்தும் லீவ் போட்டு வந்துருவான். இங்க எல்லா லேடீஸும் அப்படித்தான்."

"சீக்கிரமே வந்துரு" என்றாள் நஜீமா. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் நூருக்கு வலது கண்ணில் விழித்திரை கிழிந்தது. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் காற்றுக்குமிழி ஒன்றை வைத்தார்கள். அது கரைகிற வரை முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும்; விமானத்தில் ஏறவே கூடாது, உயரே போனால் குமிழி விரிந்து கண்ணே போய்விடும். மறந்துபோய் ஏறிவிடாமல் இருக்க மணிக்கட்டில் பச்சை வளையம் ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். "மைல் பாய்க்கு விலங்கு மாட்டிட்டாங்க" என்று பள்ளிவாசலில் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த வாரமே ஜைத்திடமிருந்து போன் வந்தது. குரல் உடைந்திருந்தது.

"மாமா, தஹ்ஸீனுக்கு பிளீடிங். பிரஷர் ஏறிடுச்சு. ஆங்கரேஜ்லேர்ந்து ஏர் ஆம்புலன்ஸ் கேட்டிருக்காங்க, காத்து அடங்கினாத்தான் கிளம்பும். நான் எப்படியாவது அங்க போகணும் மாமா. உங்க பேஜ்ல ஒரு மணி ஐம்பது நிமிஷம்னு இன்னும் இருக்கு. அது எந்த ஃப்ளைட் மாமா? சார்ட்டரா? யார்கிட்ட கேக்கணும்?"

பதறிப்போன மனுஷன் கேட்கிற கேள்வி. ஆறு மாதமாக அங்கே குடியிருப்பவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டான், மாமா சொன்னால் இருக்கும் என்று. கவிழ்ந்த தலையோடு நூர் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஆங்கரேஜ் போயிருப்பா" என்றார் கடைசியில். "அங்க போயிரு."

நஜீமா பெட்டியைக் கட்டவில்லை. கைப்பையில் ஒரு சேலையும், குழந்தைக்கு என்று பின்னி வைத்திருந்த தொப்பியும் திணித்துக்கொண்டு நெவார்க் ஏர்போர்ட்டுக்கு ஓடினாள். நூரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அவள் தவித்தபோது, கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றவன் ஷாஹுல். வாப்பாவை அடக்கிய நாளைப் பற்றி அவன் அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. "நீங்க போங்க மாமி, பாயை நான் பாத்துக்கறேன்" என்றான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நூருக்கு ஷாஹுலின் வாய் வழியாகத்தான் வந்தது. அவர் கவிழ்ந்து கிடந்தார்; ஷாஹுல் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வருவதைப் படித்தான்.

தஹ்ஸீனுக்கு அங்கேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். உள்ளங்கை அளவு என்றார்கள். காற்று சிறிது நேரம் அடங்கியபோது ஏர் ஆம்புலன்ஸ் இறங்கியது. கண்ணாடிப் பெட்டியும் அதற்கு வேண்டிய ஆட்களும் ஏறியதும் வேறு இடமில்லை. தஹ்ஸீனை அப்போது நகர்த்தவும் முடியாது. குழந்தையை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவளுக்காகத் திரும்பி வருவதாகச் சொல்லிப் பறந்தார்கள். அது போன பின்னால் காற்று மறுபடி எழும்பிவிட்டது.

ஜைத் ஆங்கரேஜில்தான் மாட்டிக்கொண்டிருந்தான். வடக்கே போகிற விமானம் ரத்து. அதனாலேயே குழந்தை வந்து இறங்கியபோது அவன் அங்கே இருந்தான். பெட்டியின் துவாரத்தில் வாயை வைத்துப் பாங்கு சொன்னான். ரிதா என்று பெயர் சொல்லி அழைத்தான். ஷாஹுல் இதைப் படித்தபோது நூர் தலையைத் தூக்கிவிட்டார். டாக்டர் தூக்கவே கூடாது என்று சொல்லியிருந்தும் தூக்கி, "அப்ப நல்லதாப் போச்சு, அவன் அங்க இருந்தது நல்லதாப் போச்சு" என்றார். ஏதோ ஒரு இடத்தில் தன் கணக்கு மன்னிக்கப்பட்டதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாவம்.

நஜீமா போய்ச் சேர்ந்தாள். பேத்தியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு பகல் முழுக்கப் பார்த்தாள். தொப்பி பெரிதாக இருந்தது. மறுநாள் காலை ரிதா போய்விட்டாள்.

மூவாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து உம்மும்மா வந்துவிட்டாள். பெற்றவள் வரவில்லை. அவள் வடக்கே ஒரு கட்டிலில், வயிற்றில் தையலோடு, ஜன்னலுக்கு வெளியே விடியாத காலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஜைத் போன் செய்தான். இந்தத் தடவை அழவில்லை. "மாமா, இங்க பள்ளிவாசல்காரங்க எல்லாம் ரெடி பண்ணிட்டாங்க. நிலம் உறைஞ்சு கிடக்கு, மெஷின் வெச்சுத் தோண்டியாச்சு. மத்தியானம் லுஹருக்கு அப்புறம் அடக்கிடலாமான்னு இமாம் கேக்கறார். தஹ்ஸீன் வர்றதா இருந்தா வெயிட் பண்ணலாம்ங்கறார். எவ்வளவு நேரம் ஆகும் மாமா?"

எத்தனை பேர் வீட்டுக்கு அவர் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். நேர்கோடு போட்டு, வகுத்து, அரைமணி சேர்த்து. காத்திருக்கலாம், காத்திருக்க வேண்டாம். ஷாஹுல் போனை அவர் காதருகே பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வாப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு நேரம் சொன்னது நூருக்கு ஞாபகம் வந்தது.

"காத்திருங்க" என்றார் நூர்.

"எவ்வளவு நேரம்னு..."

"நேரம் கேக்காதப்பா. நான் சொல்றேன், காத்திருங்க. அவ பாக்கட்டும்."

இமாம் நல்ல மனுஷர். நாளை வரை பொறுப்போம் என்றார். உட்கியாவிக் ஆஸ்பத்திரியிலும் முதல் விமானத்தில் அவளை நர்ஸோடு ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். மறுநாள் ஆங்கரேஜிலிருந்து விமானம் வடக்கே கிளம்பிவிட்டது. திரையில் அந்தப் புள்ளி நகர்வதை ஷாஹுல் சொல்லச் சொல்ல, நூர் தரையைப் பார்த்து துஆ கேட்டார். பாதி தாண்டியது. மலைகளைத் தாண்டியது. ஊருக்கு மேலே வந்துவிட்டது. பிறகு ஷாஹுல் பேசுவதை நிறுத்தினான்.

"என்னடா? இறங்கிடுச்சா?"

"சுத்துது பாய்." கொஞ்சம் கழித்து, "இன்னொரு தடவை சுத்துது." பிறகு ரொம்ப மெதுவாக, "திரும்பிடுச்சு பாய். தெக்க பாத்துப் போகுது."

தஹ்ஸீனின் போன் உடனே வந்தது. கோட்டு, காலணி எல்லாம் போட்டு அவளைச் சக்கர நாற்காலியில் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"வாப்பா, எனக்குச் சத்தம் கேட்டுச்சு" என்றாள். "தலைக்கு மேலேயே. ரெண்டு தடவை வந்துச்சு. கண்ணுக்குத் தெரியல, பனி. ஆனா சத்தம் கேட்டுச்சு வாப்பா."

பிறகு அவளே சொன்னாள். "ஜைத்கிட்ட சொல்லிடுங்க, எனக்காக வெயிட் பண்ண வேணாம்னு. குழந்தைய வெச்சுக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு நீங்கதான எல்லாருக்கும் சொல்வீங்க."

அதை ஜைத்திடம் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். நஜீமா குளிப்பாட்டினாள். ஜைத் தன் கையாலேயே குழந்தையைக் கபருக்குள் இறக்கினான். இங்கே ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், கண்ணை மூடிக் குப்புறக் கிடந்த கிழவரின் முதுகில் ஷாஹுல் கையை வைத்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வானம் விட்டது. தஹ்ஸீன் விமானம் ஏறினாள்.

இதற்கிடையில் நூர் செய்யக் கூடாத ஒரு காரியம் செய்தார். ஷாஹுல் சாப்பாடு வாங்கப் போன நேரத்தில், நல்ல கண்ணை இடுக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. எழுநூற்று நாற்பது மைல், ஒரு மணி ஐம்பது நிமிடம். சைட்டையே மொத்தமாக நிறுத்தினார். அதற்கு ஒரு பட்டன் போதுமாக இருந்தது, இத்தனை நாள் தலை சுற்றியதெல்லாம் வீண். அப்புறமும் கை சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷம். ஆங்கரேஜ் வரைபடத்தைத் திறந்து, ஏர்போர்ட்டிலிருந்து நஜீமா சொன்ன கபர்ஸ்தானுக்கு வழியைப் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எங்கே சிக்னல், பனி இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

மாலையில் தஹ்ஸீன் கூப்பிட்டாள். விமானம் இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் கதவு திறக்கவில்லை என்றாள். உம்மாவும் ஜைத்தும் வெளியே காத்திருக்கிறார்கள் என்றாள். பிறகு, சின்னப் பிள்ளையாகக் காரின் பின் சீட்டிலிருந்து கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"வாப்பா, இங்கேருந்து அவ எவ்வளவு தூரம்?"

நூர் வாயைத் திறந்தார். மைல் நாக்கு நுனியில் இருந்தது. நிமிடமும் இருந்தது.

"தெரியலம்மா" என்றார்.